லோடு ஏற்றுகிற வீட்டில் ஒரு கல்யாணம்

அன்புள்ள இளங்கோவுக்கு,

இங்கே நானும் உங்கப்பாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம்தான் என்று எனக்குத் தெரியும். போனை எடுக்காவிட்டால் என்ன, வாட்ஸ்அப்பில் நீ ஆன்லைனில் இருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அம்மா பெயரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைக்கிறவன், யாரோ போட்ட பூனை வீடியோவுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை போடுகிறாய். பூனைக்கு இருக்கிற மரியாதை பெற்றவளுக்கு இல்லை. அதனால்தான் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை, நம் குடும்பக் குழுவிலும் போடப் போகிறேன். உன் பெரிய மாமா படிக்கட்டும், ஏழுமலை சித்தப்பா படிக்கட்டும், அவரவர் பங்கு அவரவருக்குத் தெரியட்டும். எல்லாப் பழியையும் ஒருத்தியே சுமக்க எனக்குத் தோளில் தெம்பில்லை.

நடந்தது என்ன என்று குழுவில் இருப்பவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஏழுமலை சித்தப்பா ஆசையாக ஒரு போட்டோ போட்டார். லாரி அளவுக்கு ஒரு ஜெனரேட்டர், பக்கத்தில் அவர் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார், கீழே "நம்ம வூட்டு கல்யாணத்துக்கு ரெடி" என்று எழுத்து. ஐந்து நிமிஷத்தில் உன் போன் வந்தது. "நூத்தம்பது பேரு, காத்தோட்டமான இடம், ஒரு சாப்பாடு, அவ்ளோதான்னு நீதானம்மா ஒத்துக்கிட்ட? இப்ப ஜெனரேட்டர் நிக்குது. நான் ஆபீஸ்ல மூஞ்சிய எங்க வச்சிக்கிறது? நானும் நித்யாவும் பெங்களூர்லயே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கறோம். நீங்க அந்த ஜெனரேட்டருக்குத் தாலி கட்டிக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. ஒரே பிள்ளையின் கல்யாணத்தைச் செல்போனில் போட்டோவாகப் பார்க்க வேண்டிவருமோ என்று அன்றிலிருந்து பயமாக இருக்கிறது.

உன் வேலை என்ன என்று இந்தக் குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். நீ பெங்களூரில் புகையைக் கணக்கெடுக்கிறாய் என்பது வரைக்கும் வந்திருக்கிறோம். பெரிய மாமா அதைக் கேட்டுவிட்டுத் தன் ஸ்கூட்டருக்குப் புகைச் சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லி ஆர்.சி. புத்தகத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினார். ஏழுமலை சித்தப்பா நெய்வேலி சுரங்கத்தில் எல்லோரிடமும் "நம்ம புள்ள புகை ஆபீசரு" என்று சொல்லிவைத்திருக்கிறார், அதனால் நீ ஊருக்கு வந்தால் பீடி பிடிக்கிறவர்கள் எல்லாம் மறைவாகப் போய் நிற்கிறார்கள். எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் புரியும். அதுவும் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் நீ சாப்பாட்டு மேசையில் நடத்திய பாடத்தால்தான்.

"ஒரு நாட்டுல எவ்ளோ புகை வருதுன்னு புகைபோக்கிய மட்டும் பாத்தா பத்தாதும்மா. யாரு கேட்டதால எரிச்சாங்கன்னும் பாக்கணும். வீடு கட்ட சிமென்ட் கேக்கறாங்க, இரும்பு கேக்கறாங்க, துணி கேக்கறாங்க. அந்தக் கேக்கறதுதான் அடுப்ப மூட்டுது" என்றாய். திருப்பூரில் தைத்த பனியனை வெளிநாட்டுக்காரன் ஒருவன் போட்டுக்கொண்டால் அந்தப் புகை யார் கணக்கு என்று எங்களையே கேட்டாய். உங்கப்பா ரசத்தைக் கலக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். காலமெல்லாம் அனல்மின் நிலையத்தில் பழுப்பு நிலக்கரியை எரித்த மனுஷர். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் "நெய்வேலியா? ஒரே புகையாமே" என்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவர். "அப்ப நான் எரிச்சதெல்லாம் என் கணக்குல வராதா?" என்று கேட்டார். "முழுசா வராதுப்பா. கேட்டவங்களுக்கும் பங்கு உண்டு" என்றாய். "யாரு கேட்டாங்க?" என்றார். நீ மிக்சியைப் பார்த்தாய், வாஷிங் மெஷினைப் பார்த்தாய், புது சோபாவைப் பார்த்தாய், கடைசியில் என்னைப் பார்த்தாய். எரித்தவர் நிரபராதி, சட்னி அரைத்தவள் குற்றவாளி! அன்றைக்கு உங்கப்பா சந்தோஷத்தில் இரண்டு அப்பளம் கூடுதலாகக் கேட்டுச் சாப்பிட்டார்.

நான் சும்மா விடவில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நகரியத்துக் கூட்டுறவுப் பண்டகசாலை கவுண்டரில் நின்றே கால் வீங்கியவள் நான். போனஸ் போட்ட வாரம் டவுன்ஷிப்பே கடைக்குள் இருக்கும். ஒரு பிளாக்கில் ஒருத்தி பிரிட்ஜ் வாங்கினால் அடுத்த மாசம் அந்தத் தெரு முழுக்க வரிசையில் நிற்கும். நீ டிமாண்ட் என்று சொல்வதை நான் முகம் முகமாகப் பார்த்திருக்கிறேன். வெட் கிரைண்டர் முதன்முதலில் வந்தபோது, ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டியே தோள் இறங்கிப்போன ஒரு அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கவுண்டரிலேயே அழுதுவிட்டார். "அதையும் உன் கணக்குல டிமாண்டுன்னுதான் எழுதுவியாடா?" என்று கேட்டேன். "எழுதணும்மா. எழுதறது வேற, தப்புன்னு சொல்றது வேற. எதுக்குக் கேக்கறோம், அதுக்கு வேற வழி இருக்கான்னு பாக்கத்தான் எழுதறோம்" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் உனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

இப்போது உங்கப்பா கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஜெனரேட்டர் விவகாரத்தின் வேர் அவரிடம்தான் இருக்கிறது. கன்ட்ரோல் ரூமில் அவர் மேசை மேல் ஒரு போன் இருக்கும். எங்கெங்கோ ஊர்களில் மில் ஓட ஆரம்பித்ததும், ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் அந்தப் போன் அடிக்கும். "லோடு ஏத்துங்க" என்பார்கள், இன்னும் கரண்ட் வேண்டும் என்று அர்த்தம். "ஏத்திக்கலாம் சார்" என்பார் இவர். நேற்றுதானே ஏற்றினோம், இன்றைக்கு எதற்கு, யாருக்கு என்று கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. கேட்டால் கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. அந்தப் பழக்கம் ஷிஃப்ட் முடிந்து அவரோடு சைக்கிளில் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. நீ கிரிக்கெட் மட்டை கேட்டாய், ஏத்திக்கலாம். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் ஊருக்குப் போகும்போது நாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், ஏத்திக்கலாம். ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து இங்கே வடக்குத்துக் கிராமத்தில் வீடு கட்டியபோது, "மேல ஒரு ரூமு போட்டுக்கினா நல்லா இருக்குங்க" என்று கொத்தனார் ஒரு வார்த்தை சொன்னார். ஏத்திக்கலாம். அந்த ரூமில் இன்றைக்கு வெங்காயம் காய்கிறது.

ஒரே ஒரு தடவைதான் அந்தப் போன் வேறு மாதிரி பேசியது. ஊரடங்கு சமயம், நீயும் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். நாடே கதவைச் சாத்திக்கொண்டது, மில் இல்லை, கடை இல்லை, "லோடு இறக்குங்க, இன்னும் இறக்குங்க" என்று அதே போனில் சொன்னார்கள். நீ குவார்ட்டர்ஸ் மாடியில் ஏறி வானத்தைப் போட்டோ எடுத்து, "அம்மா, கேக்க ஆளில்லன்னா புகையும் இல்ல, பாத்தியா!" என்று குதித்தாய். உங்கப்பா டியூட்டி முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து, "யாருமே ஒண்ணும் கேக்க மாட்டேங்கறாங்கம்மா" என்றார், பெண் பிள்ளையைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பியவர் போல. அதே வாரம் ஏழுமலை சித்தப்பா வந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. "வேலை இல்லண்ணி. வூட்லயே குந்திகினு இருக்கேன். புள்ளைங்க மூஞ்சப் பாக்க முடியல" என்றார். நீ மாடியிலிருந்து இறங்கி வந்து போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாய். வானமும் சுத்தம், சித்தப்பா வீட்டு அடுப்பும் சுத்தம். அன்று சாயங்காலம் முழுக்க நீ அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன், அன்றைக்குத்தான் நீ பெரியவனாகிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். நூற்றைம்பது பேர் என்று நான் ஒத்துக்கொண்டது உண்மை. நகரியத்தில் சின்னதாக ஒரு சமூகக் கூடம், நாலு பக்கமும் ஜன்னல், மேலே ஃபேன். வைகாசி மாசம், ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம், மதியம் சாப்பாடு. இவ்வளவுதான் பேச்சு. அப்போது நெல்லிக்குப்பத்திலிருந்து நித்யாவின் பெரியப்பா போன் செய்தார். சர்க்கரை ஆலையில் பாகு கொதிக்கிற சூட்டில் காலம் தள்ளிய மனுஷர், இப்போது வெயில் பட்டால் அவருக்கு மூச்சு இரைக்கிறது. "சம்பந்தி, எனக்காவ ஒரே ஒரு ரூமுக்கு ஏசி இருந்தா போதுங்க" என்றார். உங்கப்பா என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும். ஒரு ரூமுக்கு ஏசி என்றதும், பெண் வீட்டார் குளிரிலும் மாப்பிள்ளை வீட்டார் வெக்கையிலுமா உட்காருவது என்று பெரிய மாமா சென்னையிலிருந்து கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் ஹாலுக்கே ஏசி என்று ஆயிற்று. சமூகக் கூடத்தில் ஏசி இல்லாததால் பெரிய மண்டபத்துக்கு மாறினோம். மண்டபத்து மேனேஜர், கரண்ட் போனால் ஏசி நின்றுவிடும், ஜெனரேட்டர் நீங்கள்தான் வைக்க வேண்டும் என்றார். ஜெனரேட்டர்காரர் வந்து, "செட்டு எப்படியும் ஓடிகினுதான் இருக்கும், முந்தின நாள் சாயங்காலத்துலேர்ந்தே ரோட்டு முனை வரைக்கும் சீரியல் லைட் போட்டுடலாம் சார்" என்றார். லைட் வந்ததும், அந்த வெளிச்சத்தில் சும்மா நிற்கிற சுவருக்கு ஒரு எல்.இ.டி. திரை. திரையில் காட்ட ஏதாவது வேண்டுமே, அதற்கு ட்ரோன். மண்டபத்து எண்ணூறு நாற்காலியில் நூற்றைம்பது பேர் உட்கார்ந்தால் சண்டை போட்டுக்கொண்டு பாதிப் பேர் எழுந்து போன கல்யாணம் மாதிரி இருக்கும், அதனால் அழைப்பும் நீண்டது. "இன்னாண்ணி, அவ்ளோ சனத்தக் கூப்ட்டுட்டு நம்ம மைன்ஸ் பசங்களுக்கு ஒரு பஸ்ஸு வுடலன்னா நல்லாவா இருக்கும்?" என்றார் ஏழுமலை சித்தப்பா. ஒரு பஸ்.

இதில் ஒருத்தராவது அநியாயமாகக் கேட்டார்களா, நீயே சொல். எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று. ஒருவர் கேட்டதைத் தூக்கி மற்றவர் கேட்டதன் மேல் வைத்தோம், அவ்வளவுதான். பெங்களூரில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நாட்டுக்கே நீ போடுகிற கணக்கு, எங்கள் ஹாலில் மூன்றே வாரத்தில் நடந்து முடிந்தது. உன் ஆபீஸ்காரர்கள் நேரில் வந்திருந்தால் ஆராய்ச்சிக்கு வேறு எங்கும் போக வேண்டியிருக்காது, நான் காபியும் போட்டுக் கொடுத்திருப்பேன்.

நான் என்ன கேட்டேன் என்று நீ கேட்பாய். சீரியல் லைட். அது என் ஆசை. என் கல்யாணம் இதே வடக்குத்தில், உங்கப்பா வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. பெண்ணழைப்பு அன்று சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. கூப்பிடு தூரத்தில் மின்சாரம் தயாராகிறது, மாப்பிள்ளைக்கு அங்கேதான் பெர்மனன்ட் வேலை, பந்தலில் ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ், அதுவும் கண் சிமிட்டுகிறது. "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கற மாப்ள, பொண்ணு மூஞ்சியப் பாக்க ஒரு குண்டு பல்பு இல்லியா?" என்று என் சித்தப்பா ஒருவர் கேட்க, பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன், உள்ளே எனக்கு எரிந்தது. ரோட்டு முனை வரைக்கும் வெளிச்சம் என்று ஜெனரேட்டர்காரர் சொன்னதும் எனக்கு அந்தப் பந்தல்தான் கண்ணில் வந்தது. நித்யாவின் பெரியப்பாவுடைய மூச்சிரைப்புக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள மாட்டேன், எனக்கு வெளிச்சம் வேண்டும் என்றுதான் நான் தலையாட்டினேன்.

நீ போனை வைத்த மறுநாள், "எல்லாத்தையும் குறைங்க" என்று உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "லோடு ஏத்தறது சுலபம்மா. இறக்கறதுன்னா மெதுவாத்தான் இறக்கணும். பட்டுனு இறக்கினா மெஷினு ட்ரிப் ஆயி நின்னுடும்" என்றார். இது மெஷின் இல்லை, உங்கள் தம்பியும் உங்கள் மச்சானும்தான், போன் பண்ணுங்கள் என்று கையில் கொடுத்தேன். முதலில் ஜெனரேட்டர்காரரைக் கூப்பிட்டார். வெகு நேரம் பேசிவிட்டு நிம்மதியாக வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களா என்றேன். "சொன்னேன்மா. சத்தம்தான பிரச்சினை, சத்தமே வராத பெரிய செட்டு ஒண்ணு இருக்குன்னாரு. அதையே அனுப்பச் சொல்லிட்டேன்" என்றார். அடுத்து பஸ்ஸை நிறுத்த ஏழுமலை சித்தப்பாவைக் கூப்பிட்டார். "ஒரே பஸ்ஸுல நெருக்கி அடிச்சிகினு வரணுமேன்னு வருத்தப்பட்டான். பாவமா இருந்துது. ரெண்டா வுட்டுக்கலாம்னுட்டேன்" என்று வந்து நின்றார். மனுஷரை ஒரு பாத்திரம் தேய்க்க அனுப்பினால் இரண்டு பாத்திரத்தை அழுக்காக்கிக்கொண்டு வருகிறார் என்று போனைப் பிடுங்கி, நானே பெரிய மாமாவைக் கூப்பிட்டேன். எல்.இ.டி. திரை வேண்டாம் அண்ணே என்றேன். "இன்னாம்மா, தாய்மாமன் சீருன்னு நான் ஆசையா வெக்கறேன், அதையே வேணான்ற?" என்றார். தாய்மாமன் சீரை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தங்கைக்கு வாய் வரும்? திரை இன்னும் இரண்டடி அகலமானதுதான் மிச்சம். உங்கப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அது வரைக்கும் நல்லவர். "கேட்டுட்டாங்கன்னா குடுத்துதாம்மா ஆவணும். எதுனா பண்றதா இருந்தா கேக்கறதுக்கு முன்னாடியே பண்ணணும்" என்று மட்டும் சொன்னார்.

முந்தாநாள் விடியற்காலையில், ஏசியை அணைத்த அறையில் ஃபேன் ஓடியும் வேர்த்துப்போய் எழுந்து வாசலுக்கு வந்தேன். உங்கப்பா ஏற்கெனவே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஷிஃப்ட்டுக்குப் போன உடம்பு, ரிட்டயர் ஆகியும் நாலு மணிக்கு மேல் படுக்கையில் இருக்காது. தோளில் துண்டைப் போர்த்தியிருந்தார், அவ்வளவு குளுகுளு என்று இருந்தது வெளியே. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் டிபன் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளிலும் வண்டியிலுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. கோடையிலும் இப்படி ஒரு வேளை இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது. ஏங்க, முகூர்த்தத்தை நாலரையிலிருந்து ஆறுக்கு மாற்றிவிட்டால் என்ன என்று கேட்டேன். பத்திரிகைதான் இன்னும் அச்சுக்குப் போகவில்லையே. உங்கப்பா துண்டை உதறிவிட்டு எழுந்து நின்றார். "அடியே, அதுதான் லோடே இல்லாத நேரம்!" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவ்வளவு மரியாதையாக அவர் பார்த்ததில்லை.

ஜோசியரிடம் போனோம். ஒன்பதிலிருந்து பத்தரையை விட்டால் உங்கள் பிள்ளை ஜாதகத்துக்கு நேரமே இல்லை என்று போன மாசம் சொன்ன அதே ஜோசியர், கட்டத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பிரம்ம முகூர்த்தத்துக்கு ஈடு உண்டா என்றார். அவரும் கேட்டதைக் கொடுக்கிறவர்தான். அதற்கப்புறம் யாரிடமும் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலரை முகூர்த்தம், ஐந்து மணிக்குத் தாலி, அப்புறம் டிபன் என்று நேரத்தை மட்டும் சொன்னோம். நித்யாவின் பெரியப்பா, "அந்நேரத்துல எனக்கு மூச்சு ஜம்முனு இருக்குங்க. ஏசி எதுக்கு, சளி புடிச்சிக்கும்" என்றார். ஏசி போனதும் மண்டபம் போயிற்று, மண்டபம் போனதும் ஜெனரேட்டர் போயிற்று, அதோடு என் சீரியல் லைட்டும் போயிற்று, பழையபடி நாலு பக்கம் ஜன்னல் வைத்த சமூகக் கூடம்தான். சென்னை உறவுக்காரர்களிடம் நாலரை என்றதும் எல்லோருக்கும் திடீரென்று மூட்டுவலி. பெரிய மாமா மட்டும், "நாலரைன்னா... நாலரையா?" என்று கேட்டார். அண்ணே, இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் தாய்மாமன், வந்துதான் ஆக வேண்டும். திரை தூங்கட்டும்.

ஏழுமலை சித்தப்பா சொன்னதுதான் என்னை உட்காரவைத்துவிட்டது. "ரொம்ப நல்லதாப் போச்சி அண்ணி. தாலி கட்டறதப் பாத்துட்டு, டிபன் துன்னுட்டு, அப்டியே ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு போய்டுவோம். ஒம்போது மணின்னா பசங்களுக்கு அன்னிக்குக் கூலி போயிடும், எப்டிச் சொல்றதுன்னு முழிச்சிகினு இருந்தேன். பஸ்ஸு எதுக்கு? அவனவன் வண்டில வந்துகினு போய்கினு இருப்பான்" என்றார். நாங்கள் இரண்டு பஸ் அனுப்பி அவர்களைக் கௌரவிக்கப் பார்த்தோமே தவிர, அவர்களுக்கு எது சௌகரியம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வெயிலில் சுரங்கக் குழிக்குள் நின்று வேலை பார்க்கிறவர்கள் ஏசி கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கேட்டவர்கள் எல்லோரும் வீட்டில் ஏற்கெனவே ஏசி வைத்திருப்பவர்கள், என்னையும் சேர்த்து. நீ கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது, ராசா. வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டு போவது எனக்கும் தெரிகிறது, அதில் நான் அரைத்த சட்னியும் இருக்கிறது என்றால் இருக்கட்டும்.

ஆனால் உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நித்யாவோடு குடித்தனம் நடத்தப் போகிறாய். அவள் ஏதாவது கேட்கிற அன்றைக்கு உடனே கணக்கை விரிக்காதே. எதற்குக் கேட்கிறாள் என்று பார். ஏசி வேண்டும் என்றால் வெக்கை தாங்கவில்லை என்று அர்த்தம், சில சமயம் நீ இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும் அர்த்தம். இரண்டாவதுக்கு ஏசி மாட்டினால் ஊருக்கும் சூடு, வீட்டுக்கும் சூடு. அதே போல, அவள் கேட்காமலே நீயாக எதையாவது வாங்கிக் குவித்துவிட்டு அன்பு என்று பெயர் வைக்காதே, உங்கப்பா கட்டிய மாடி ரூம் போதும். கோபம் வந்தால் திட்டு, கதவைச் சாத்து, சாப்பிட மாட்டேன் என்று படு. போனை மட்டும் எடுக்காமல் இருக்காதே. அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்னவெல்லாம் நினைத்துப் பயப்படுவார்கள் என்று உனக்குத் தெரியாது.

இவ்வளவும் எழுதி முடித்து, குழுவில் போட்டுவிடலாம் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஹாலில் உங்கப்பா போன் அடித்தது. "சொல்லுப்பா" என்று அவர் சொன்ன குரலிலேயே நீதான் என்று தெரிந்துவிட்டது. என்னைக் கூப்பிடாமல் அவரைக் கூப்பிட்டிருக்கிறாய். கதவோரம் நின்று ஒட்டுக் கேட்டேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. "ஆமாம்பா, நாலரைக்குத்தான்... நித்யா சொல்லிச்சா?... அம்மா யோசனைதான்... எல்லாம் கேன்சல்... ம்... எத்தன பேரு?... சரி... சரி... அதுக்கென்ன, ஏத்திக்கலாம்பா" என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"புள்ள வரான்" என்றார். அப்புறம், "அவன் ஆபீஸ் ஆளுங்க ஆறு பேரு பெங்களூர்லேர்ந்து முந்தின நாளே வராங்களாம். நம்ம வெயில் தாங்க மாட்டாங்களாம். ஏசி வச்ச ரூமு ரெண்டே ரெண்டு போட்டுத் தரச் சொன்னான். அது மட்டும் போதுமாம்" என்றார். புகையைக் கணக்கெடுக்கிற ஆபீஸ் ஆட்களுக்கு! இரண்டு பேரும் சோபாவில் விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "புள்ள கேக்கறான்மா" என்றார் உங்கப்பா. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ரூம் இரண்டும் சொல்லியாகிவிட்டது, ஏசியோடுதான். உன் சிநேகிதர்கள் மேல் வெயில் படக் கூடாது என்று நினைத்தாய், உன் அப்பாவிடம் கேட்டாய். எங்கள் வீட்டுக்கு ஜெனரேட்டரும் இப்படித்தான் வந்தது. அந்த இரண்டு ரூமின் புகையை யார் கணக்கில் எழுதுவது என்று நன்றாக யோசித்துவிட்டுப் போன் செய். இந்தத் தடவை எனக்குச் செய்.

அம்மா